பதினொன்று புள்ளி நான்கு

பூஸ் மாதம், பனேபா, காலை ஆறு மணி.
டீசல் லாரியின் முதுகில் ஏறி வருகிறது
பிர்க்க பகதூர் ஓட்டும் மின்சார மைக்ரோபஸ்.
இந்த மாதம் இது மூன்றாவது தடவை.

பெரிய பேட்டரியில் எண்பத்து மூன்று சதவீதம்.
நேற்று சிந்துலி ஏற்றத்தை ஊதித் தள்ளிய மின்சாரத்தில் மிச்சம்
இருக்கைகளுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.
கதவுதான் திறக்கவில்லை.
முன்மூடிக்குள் இருக்கும் சின்னது,
பன்னிரண்டு வோல்ட், சோற்றுப்பானை அளவு,
அது சொன்னால்தான்
ரிலே 'டக்'கென்று மூடும்,
பெரியது எழுந்து வரும்.

மீட்டரை வைத்தேன்.
11.4.

"வண்டிக்குள்ளேயே பாட்டுப் போட்டுத் தூங்குகிறான்"
போனில் முதலாளி ஹோம்நாத்.
"புதுப் பேட்டரி பதினோராயிரம், ருக்மாயா.
அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்."
ஸ்பீக்கரில்தான் இருந்தது போன்.
பிர்க்க பகதூர் கையுறையைக் கழற்றினார்,
மாட்டினார்,
கழற்றினார்.

ஒற்றை எண்ணை வைத்து
யாரையும் பிடிக்கக் கூடாது.
ஓடும்போது பதினான்கு புள்ளி இரண்டு காட்டும்:
அது கன்வெர்ட்டரின் குரல்,
பேட்டரி அதற்குப் பின்னால் வாய் மூடி நிற்கிறது.
நிறுத்தியதும் பதின்மூன்று:
விருந்து முடித்தவனின் ஏப்பம், நம்பாதே.
ஆறவிடு. ஒரு மணி நேரமாவது.
பிறகு பன்னிரண்டு ஆறு என்றால் வயிறு நிறைந்திருக்கிறது,
பன்னிரண்டு இரண்டு என்றால் பாதி,
பன்னிரண்டுக்குக் கீழே எல்லாம் கடன்.

மாலைவரை சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு
முகப்பு விளக்கைப் போட்டேன்.
கொஞ்சம் இறங்கி, பன்னிரண்டு மூன்றில்
காலூன்றி நின்றது.
பேட்டரியில் குற்றமில்லை.
அப்படியானால்
ராத்திரியில் யாரோ குடிக்கிறார்கள்.

வண்டியை ஏமாற்ற வேண்டும்.
முன்மூடியின் கொக்கிக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன்,
மூடிவிட்டதாக அது நம்பிக்கொள்ளட்டும்.
சாவியை முப்பதடி தள்ளி
டீக்கடை சர்க்கரை டப்பாவில் போட்டேன்.
கம்பியைக் கவ்விய கிளாம்ப் மீட்டரில்
மூன்று ஆம்பியர். ஒன்று. அரை.
ஒவ்வொரு கணினியாகப் படுக்கையை விரிக்கிறது.
இருபத்திரண்டாம் நிமிடம்: 0.02.
தூக்கம் என்றால் இதுதான்.

0.02
0.02
0.02
0.71

திரும்ப 0.02.
ஐந்து நிமிடம் கழித்து
திரும்ப 0.71.
குளிரில் என் கால்விரல் மரத்துப்போனது,
ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து.
பாட்டுக் கேட்பவன்
கடிகாரம் வைத்துக் கேட்க மாட்டான்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
பதினேழாவதைப் பிடுங்கியதும் அடங்கியது.
வரைபடத்தில் பதினேழுக்கு நேரே 'காலி' என்று இருக்கிறது.
காலியிடத்திலிருந்து புறப்பட்டு ஒரு சிவப்புக் கம்பி,
கறுப்பு டேப் சுற்றி, டாஷ்போர்டின் பின்னால் போய்
தீப்பெட்டி அளவு டப்பாவில் முடிந்தது.
உள்ளே சிம் கார்டு. பச்சை விளக்கு.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
வண்டியையே தட்டி எழுப்பி
'எங்கே இருக்கிறாய்' என்று கேட்டு
ஹோம்நாத்தின் போனுக்குச் சொல்லும் டப்பா.

மறுநாள் அவர் வந்தார்.
நான் எதுவும் பேசவில்லை.
டப்பாவைப் பேட்டரி மேல் வைத்தேன்,
பக்கத்தில் மீட்டர்.
அவர் மீட்டரைத்தான் பார்த்தார்.
"சின்ன கரண்ட் எடுக்கிற மாதிரி
வேறே மாடல் இருக்கிறதா?"
என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

பிர்க்க பகதூர் கேட்டது ஒன்றுதான், என்னிடம்:
"எப்போதிலிருந்து?"
டப்பாவின் அடியில் தேதி இருந்தது. அஸோஜ் மாதம்.
விரல்விட்டு எண்ணினார்.
செவ்வாய், செவ்வாய், செவ்வாய் என்று
உதடு மட்டும் அசைந்தது.
துலிகேல் ஆஸ்பத்திரிக் கேட்டில்
வாரா வாரம் இருபது நிமிடம் வண்டி நின்றிருப்பது
இப்போது இருவருக்குத் தெரியும்.
மூன்றாவது ஆளாக நான் கேட்கவில்லை.

ரசீதில் எழுதினேன்:
பேட்டரி நலம். கசிவு நீக்கப்பட்டது.
கூலி அறுநூறு, முதலாளி கணக்கில்.

வண்டி கிளம்பும்முன் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
அவர் முகத்தில் என்ன காட்டியது என்பதற்கு
என்னிடம் மீட்டர் இல்லை.